உள்ளாட்சிச் சேவைக் குறைகளும் சார்பற்ற மறுவிசாரணையும்: வெள்ளகோவிலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, சொத்துவரி முதலிய உள்ளாட்சிப் பணிகளைப் பற்றிய குறைகளை, அப்பணிகளைச் செய்யும் அமைப்புக்கு வெளியே நிற்கும் ஒருவர் விசாரிக்கும் முறை தமிழகத்தில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1816-இல் கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடைபெற்ற விசாரணையிலிருந்து 2014-ஆம் ஆண்டின் உள்ளாட்சி முறைமன்ற நடுவச் சட்டம் வரையிலான போக்கு, திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவிலின் இன்றைய நிலையோடு இணைத்துப் பார்க்கப்படுகிறது. மேலதிகாரியின் மேற்பார்வையும் சார்பற்ற விசாரணையும் ஒன்றெனக் கருதப்பட்டு வந்ததே இவ்வரலாற்றின் மையச் சிக்கல் என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, முறைமன்ற நடுவர், நிர்வாகச் சீர்கேடு, தனி அலுவலர், கொங்குநாடு, வெள்ளகோவில்

ஒரு பெயரில் இரண்டு உள்ளாட்சிகள்

கோயம்புத்தூரிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், காங்கேயத்துக்குக் கிழக்கே அமைந்துள்ளது வெள்ளகோவில். விசைத்தறிகளும் எண்ணெய் ஆலைகளும் முருங்கை வணிகமும் இவ்வூரின் பொருளியல் அடையாளங்கள். ஊரின் பெயரில் நகராட்சி ஒன்றும் ஊராட்சி ஒன்றியம் ஒன்றும் இயங்குகின்றன. நகராட்சி, நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் கீழும், ஒன்றியமும் அதன் சிற்றூராட்சிகளும் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் கீழும் வருகின்றன. ஒரே சாலையில் நூறடி இடைவெளியில் வாழும் இருவர், சாக்கடை அடைத்துக்கொண்டால் வெவ்வேறு அலுவலகங்களை நாட வேண்டியிருப்பது இதனால்தான்.

மாவட்ட எல்லைகளின் மாற்றமும் இங்குக் கருதத்தக்கது. 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், அதன்பின் பெரியார் மாவட்டம் எனத் தொடங்கி ஈரோடு எனப் பெயர் மாறிய மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் இப்பகுதி அமைந்தது. மனுக் கொடுக்கும் குடிமகனின் பார்வையில் இம்மாற்றங்கள் பேருந்துத் தடம் மாறியதையே பெரிதும் குறித்தன. மாவட்டத் தலைமையிடம் நெருங்கி வந்தது உண்மை. ஆயினும் மனுவின் பயணம் குறுகியதா என்பது வேறு கேள்வி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்படும் மனு, எண் இடப்பட்டுப் பதிவாகி, 'தக்க நடவடிக்கைக்காக' உரிய அலுவலருக்கு அனுப்பப்படுகிறது. நகராட்சியைப் பற்றிய மனுவுக்கு உரிய அலுவலர் நகராட்சி ஆணையர். முதலமைச்சரின் உதவி மையத்தின் 1100 என்ற எண்ணில் பதிவாகும் குறைக்கும், 2023 டிசம்பரில் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட 'மக்களுடன் முதல்வர்' முகாமில் பெறப்பட்ட மனுவுக்கும் பாதை பெரிதும் இதுவே. இவ்வாயில்களால் வேலை நடப்பதில்லை என்று சொல்வதற்கில்லை. எரியாத விளக்கு எரிகிறது, வராத நீர் வருகிறது. ஆனால் குறையை மறுக்கும் பதிலையும் குறை கூறப்பட்ட அலுவலகமே எழுதுகிறது. அப்பதில் சரியா என ஆராய்வதற்கு இப்பாதையில் இன்னொருவர் இல்லை.

கோயம்புத்தூர், 1816

இச்சிக்கலுக்குக் கொங்குப் பகுதியிலேயே பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தொடக்கக் காலத்தில் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராயிருந்தவர் வில்லியம் காரோ. அவரது நம்பிக்கைக்கு உரியவராய்க் கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டியும் அவரைச் சூழ்ந்த அலுவலர்களும் அரசுப் பணத்தையும் குடியானவர்களின் பணத்தையும் நெடுங்காலம் கையாடி வந்தனர். குடிகளின் முறையீடுகள் மாவட்டக் கச்சேரியைத் தாண்டவில்லை. முறையீட்டைப் பெறுபவரும் படிப்பவரும் ஆட்சியருக்கு எடுத்துச் சொல்பவரும் முறையீட்டுக்கு உள்ளானவர்களே என்னும்போது அவை தாண்டியிருந்தால்தான் வியப்பு. இறுதியில் 1816-இல் தாமஸ் மன்றோவும் ஜான் சலிவனும் அடங்கிய ஆணையம் விசாரணை நடத்திய பின்னரே முறைகேட்டின் அளவு வெளிப்பட்டது. உதகமண்டலத்தின் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் சலிவன், கோயம்புத்தூர் ஆட்சியராக முதலில் எதிர்கொண்ட பணிகளுள் இதுவும் ஒன்று.

இவ்விசாரணையைவிட அதன்பின் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு முதன்மையானது. மன்றோ சென்னை ஆளுநராயிருந்த காலத்தில், 1822-ஆம் ஆண்டின் 9-ஆம் ஒழுங்குமுறை பிறப்பிக்கப்பட்டது. வருவாய்த்துறையில் நிகழும் கையாடலையும் கையூட்டையும் முதல் நிலையில் விசாரிக்கும் அதிகாரத்தை அது மாவட்ட ஆட்சியருக்கு வழங்கிற்று. வெளியாள் ஒருவர் வந்து கண்டுபிடித்த முறைகேட்டின் அனுபவத்துக்குப் பின்னும், விசாரணை அதிகாரம் அதே கச்சேரியின் தலைவரிடம் சென்று சேர்ந்தது. மன்றோவின் நோக்கில் இதில் முரண் இல்லை. மாவட்டத்தை ஒரே கையில் குவிந்த அதிகாரத்தால் ஆளவேண்டும் என்பது அவரது ஆட்சிக் கொள்கை. நல்ல ஆட்சியர் அமைந்தால் குடிகளுக்கு வேறு காவல் வேண்டியதில்லை என்ற எண்ணம் அதில் அடங்கியிருந்தது.

அவ்வெண்ணம் போதுமானதன்று என்பதை 1855-ஆம் ஆண்டின் சித்திரவதை விசாரணை ஆணைய அறிக்கை காட்டிற்று. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோர் அடங்கிய அவ்வாணையம் வரி வசூலில் நிகழ்ந்த வன்முறையை ஆராய்ந்தபோது, வன்முறைக்கு நிகராகக் கவனப்படுத்தியது, பாதிக்கப்பட்டவர் நிவாரணம் பெறுவதிலுள்ள அருமையை. தலைமையிடத்தின் தொலைவு, நாட்கணக்கில் காத்திருக்கும் செலவு, ஊர் திரும்பியபின் அதே அலுவலர்களிடம் வாழவேண்டிய அச்சம் ஆகியன குடிகளை வாய்மூடச் செய்தன.

மேற்பார்வை என்னும் மாற்று

1882-ஆம் ஆண்டு ரிப்பன் தீர்மானத்தையொட்டி, 1884-இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் உள்ளூர் வாரியங்கள் சட்டமும் இயற்றப்பட்டன. 1920-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு அதிகாரம் பெருகப் பெருக, அவற்றைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளும் பெருகின. மன்றத் தீர்மானத்தை நிறுத்திவைத்தல், ரத்துச் செய்தல், மன்றத்தையே கலைத்தல் ஆகிய அதிகாரங்களை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. நகர்மன்றங்களுக்கும் உள்ளூர் வாரியங்களுக்கும் ஆய்வாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கை பார்த்தது. தணிக்கையில் இழப்பு வெளிப்பட்டால், உரியவரிடமிருந்து ஈடுசெய்யவும் வழியிருந்தது.

இவையாவும் அரசின் கண்ணோட்டத்தில் அமைந்தவை. அரசுக்குப் பண இழப்பு நேர்ந்ததா, சட்டம் மீறப்பட்டதா என்பனவே அவற்றின் வினாக்கள். மூன்று மாதமாகத் தெருக்குழாயில் நீர் வராத ஒருவருக்குத் தணிக்கையில் இடமில்லை. நீர் வராததால் கணக்கில் இழப்பு ஏதும் இல்லையே.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி வந்ததாயினும், இம்மரபைத் தொடர்ந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். 205-ஆம் பிரிவின்கீழ் ஊராட்சித் தலைவரிடம் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் வழியாக ஊராட்சியின் கருத்தைப் பெற்று, தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரமும் அவருக்கு உண்டு. திட்டங்களைச் செயல்படுத்தும் மாவட்ட நிர்வாகத்தின் தலைவரும் அவரே. இப்பிரிவு பட்டியலினத் தலைவர்களுக்கும் பெண் தலைவர்களுக்கும் எதிராக ஆதிக்கக் குழுக்களால் கருவியாக்கப்படுகிறது என்ற விமர்சனம் நெடுநாளாக உள்ளது. சார்பற்ற விசாரணை என்பது மனுதாரருக்கு மட்டும் வேண்டியதெனக் கொள்வது பெரும்பிழை. பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளாகும் தலைவருக்கு அது இன்னும் இன்றியமையாதது. கொங்குப் பகுதியின் சாதியமைப்பை அறிந்தோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முறைமன்ற நடுவர்: சொல்லும் பொருளும்

1809-ஆம் ஆண்டு சுவீடன் அரசியலமைப்பில் தோன்றிய 'ஆம்புட்ஸ்மேன்' என்னும் பதவிக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைபெறவில்லை. வங்கி, மின்சாரம், ஊரக வேலை உறுதித் திட்டம் ஆகியவற்றில் 'குறைதீர்ப்பாளர்' என்ற சொல் வழங்குகிறது. உள்ளாட்சிகளுக்கு மட்டும் 'முறைமன்ற நடுவர்' என்ற சொல் தேர்ந்துகொள்ளப்பட்டது. இவ்வேறுபாடு பொருளற்றதன்று. குறைதீர்ப்பாளர் என்பது பயனாளியின் குறையிலிருந்து பிறந்த சொல். 'முறை' என்பதோ பழந்தமிழில் நீதி வழங்குதலைக் குறிப்பது. முறையிடுதல், முறைசெய்தல் என்னும் வழக்குகள் அதை அடியொற்றியன. நடுவர் என்பதில் நடுவுநிலை அடங்கியுள்ளது. சொல்லாக்கம் சிறப்பானதே. ஆனால் நீதிமன்றச் சாயல் ஏறிய அச்சொல், சாக்கடைக்கும் குப்பைக்கும் அங்கே செல்லலாம் என்ற எண்ணத்தைச் சாதாரண மக்களிடம் எழுப்புவதாக இல்லை.

இத்தகைய கட்டுரைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டை முன்னோடியாகக் காட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகனின் காலத்து அக்கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வாக இயலாது என விதித்தமை உண்மை. எனினும் அது நிலமும் மனையும் கல்வியும் உடைய பிராமணர் சபை தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொண்ட ஏற்பாடு. சபைக்கு வெளியிலுள்ள ஒருவரின் குறையை வெளியாள் ஒருவர் விசாரிக்கும் கருத்தை அதில் தேடுவது கல்வெட்டின்மேல் நம் காலத்தை ஏற்றுவதாகும்.

நவீன முன்மாதிரியை இங்கிலாந்தில் காணலாம். 1967-இல் நாடாளுமன்ற ஆணையர் பதவியும், 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளாட்சி நிர்வாக ஆணையர் பதவியும் அங்கு ஏற்பட்டன. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக அதை மாற்றும் அதிகாரம் இவ்வாணையருக்கு இல்லை. முடிவை எட்டிய விதத்தில் பாரபட்சமோ, அலட்சியமோ, தாமதமோ, தன்னிச்சையோ இருந்ததா என்பதையே அவர் பார்ப்பார். 'நிர்வாகச் சீர்கேடு' என்ற கருத்தின் உட்பொருள் இதுவே. தொடக்கத்தில் மன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகவே முறையிட வேண்டும் என்ற தடை இருந்தது. 1988-இல்தான் அது நீங்கிற்று. இலங்கையிலும் 1981-இல் ஏற்பட்ட நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடம் முறையிட முதலில் பாராளுமன்ற உறுப்பினரின் துணை வேண்டியிருந்தது. 1994-க்குப் பின் நேரடி முறையீடு இயன்றது. பிரதிநிதியைத் தாண்டிக் குடிமகன் நேரே செல்வதை எந்த நாட்டின் பிரதிநிதிகளும் எளிதில் ஒப்பவில்லை போலும்.

நிதிக்குழுவின் நிபந்தனை

இந்தியாவில் இதில் முந்தியது கேரளம். எஸ்.பி. சென் குழுவின் பரிந்துரைகளையொட்டி, 1999-இல் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி ஏழு உறுப்பினர் கொண்ட நடுவ அமைப்பு அங்கு நிறுவப்பட்டது. 2001-இல் அது உயர்நீதிமன்ற நீதிபதி நிலையிலான ஒருவர் மட்டும் அமரும் அமைப்பாகச் சுருங்கிற்று. எனினும் மக்கள் திட்ட இயக்கத்தால் உள்ளாட்சிகளுக்குப் பெரும் நிதியும் அதிகாரமும் சென்ற சூழலில், அதற்கு இணையான பொறுப்பேற்பு வேண்டும் என்ற உள்நாட்டு விவாதத்திலிருந்து எழுந்தது என்பது கேரள அமைப்பின் சிறப்பு.

தமிழகத்தில் தூண்டுதல் வேறு. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், உள்ளாட்சி குறித்த தன் ஆறாம் அறிக்கையில் (2007), சில மாவட்டங்களை இணைத்து அவற்றுக்கென ஒரு நடுவரை அமர்த்தலாம் எனப் பரிந்துரைத்தது. பின்னர் விஜய் கேல்கர் தலைமையிலான 13-ஆம் நிதிக்குழு (2010–2015), உள்ளாட்சிகளுக்கான செயல்திறன் மானியத்தைப் பெற மாநிலங்கள் நிறைவேற்றவேண்டிய ஒன்பது நிபந்தனைகளுள் ஒன்றாக, சார்பற்ற உள்ளாட்சி நடுவர் அமைப்பைச் சேர்த்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோர், அலுவலர் ஆகிய இரு தரப்பினர்மீதும் எழும் ஊழல், நிர்வாகச் சீர்கேட்டுப் புகார்களை அது விசாரிக்க வேண்டும். உரிய சட்டத்தை இயற்றி அறிவிக்கை செய்தால் நிபந்தனை நிறைவேறியதாகும்.

தமிழ்நாட்டின் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டது. 13-ஆம் நிதிக்குழுவின் காலம் 2015 மார்ச் 31-இல் முடிவுற்றது. அடுத்து வந்த ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14-ஆம் நிதிக்குழு, செயல்திறன் மானியத்தைத் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளோடும் சொந்த வருவாய்ப் பெருக்கத்தோடும் பிணைத்தது. நடுவர் பற்றிய நிபந்தனை அதில் இல்லை. இவ்விரு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சட்டம் பிறந்த ஓராண்டுக்குள் அதைப் பிறப்பித்த நிதித் தூண்டுதல் மறைந்தது புலனாகும். சட்டத்தை அறிவிக்கை செய்வதே நிறைவேற்றத்தின் சான்றாகக் கொள்ளப்பட்டதால், எத்தனை மனுக்கள் வந்தன, எவ்வளவு காலத்தில் முடிந்தன என்ற கேள்விகளுக்கு மானியக் கணக்கில் மதிப்பே இருக்கவில்லை.

சட்டத்தைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. அரசுத் துறைப் படிநிலைக்கு வெளியே உள்ளாட்சிக் குறைகளுக்கெனத் தனி விசாரணை அமைப்பு வேண்டும் என்பதை அது சட்டமன்றத்தின் வாயால் ஏற்கச் செய்தது. ஆனால் ஆணையம் பரிந்துரைத்த மண்டல நடுவர்கள் வரவில்லை. மாநிலம் முழுமைக்கும் ஒரே நடுவர், அலுவலகம் சென்னையில். வெள்ளகோவிலிலிருந்து திருப்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சென்னை 400 கிலோமீட்டருக்கும் அப்பால். 1855-ஆம் ஆண்டு ஆணையம் சுட்டிய தொலைவுச் சிக்கல் அஞ்சல் வசதியால் குறைந்திருக்கலாம். விசாரணைக்கு நேரில் செல்ல வேண்டிய விசைத்தறிக் கூலித் தொழிலாளிக்கு அது இன்றும் இரண்டு நாள் கூலி.

தேர்தலற்ற ஆண்டுகள்

சட்டம் நடைமுறைக்கு வந்த சில காலத்திலேயே எதிர்பாராத சூழல் உருவாயிற்று. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது; தேர்தல் வழக்குகளால் தள்ளிப்போயிற்று. திருப்பூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் தேர்தல் நடந்தது. வெள்ளகோவில் போன்ற நகராட்சிகளில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நகர்மன்றம் இல்லை. ஆணையரே தனி அலுவலர்.

இக்காலத்தின் விளைவைச் சொத்துவரியில் தெளிவாகக் காணலாம். மாவட்ட நகராட்சிகள் சட்ட மரபில், வரிவிதிப்பை எதிர்க்கும் மேல்முறையீட்டைக் கேட்க உறுப்பினர்கள் அடங்கிய மேல்முறையீட்டுக் குழு உண்டு. அதுவும் முழுச் சார்பின்மை உடையதன்று. எனினும் வரியை நிர்ணயித்த அலுவலரிலிருந்து வேறான ஒரு காது. 2018-இல் குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு வரையும், வாடகைக் குடியிருப்புகளுக்கும் பிற கட்டடங்களுக்கும் 100 விழுக்காடு வரையும் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, அக்குழு எங்கும் இல்லை. மன்றத்தின் அதிகாரங்கள் யாவும் தனி அலுவலரிடம் குவிந்திருந்தன. வரி கேட்டவரும் வரிமீதான முறையீட்டைக் கேட்டவரும் ஒருவரே. எதிர்ப்பு வலுத்து, 2019 நவம்பரில் அரசு அவ்வுயர்வை நிறுத்திவைத்தது. அம்முடிவு அரசியல் அழுத்தத்தால் வந்தது. தனியொருவரின் கணக்கீட்டில் பிழை உண்டா என்ற கேள்வி விசாரிக்கப்படாமலே கரைந்தது.

வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் குறைமுறையீடு எவ்வாறு மாறுகிறது என்பதையும் நோக்கவேண்டும். கொங்குச் சிற்றூர்களில் குழாய் பழுதென்றால் அலுவலகத்துக்கு எழுதுவதைவிட, 'மெம்பர்' வீட்டு வாசலில் காலையில் நின்று சொல்லிவிட்டு வருவதே வழக்கம். அவ்வாசல் அடைபட்டபோது குறைகள் எழுத்து மனுவாகவும் தொலைபேசிப் பதிவாகவும் மாறின. எழுதத் தெரிந்தவர்க்கும் எழுதித்தர ஆள் உள்ளவர்க்கும் அது எளிதாயிற்று. மற்றோர் காத்திருந்தனர்.

ஒரு தெருவிளக்கும் இரு பாதைகளும்

மின்துறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு கூர்மையாகப் புலப்படும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 42-ஆம் பிரிவு, மின்பகிர்மான நிறுவனத்தின் முடிவில் நிறைவுறாத நுகர்வோருக்கு இரண்டு படிகளை அமைத்துள்ளது. முதலில் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம். தமிழகத்தில் இது ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் உண்டு. அதன்பின் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்தும் குறைதீர்ப்பாளர். வீட்டு மின்கட்டணத்தில் பிழையென்றால் இப்பாதை திறந்திருக்கிறது. அதே வீட்டு வாசலிலுள்ள தெருவிளக்கு எரியவில்லையெனில், விளக்கைப் பராமரிப்பது நகராட்சியாதலால் அப்பாதை மூடிக்கொள்கிறது. வட்ட அளவிலான முதல் படி உள்ளாட்சிக்கு அமைக்கப்படவே இல்லை.

குடிநீரில் சிக்கல் இன்னும் கூடுதல். நொய்யலும் அமராவதியும் இருபுறம் ஓடினும் இடைப்பட்ட இவ்வறண்ட நிலத்துக்குக் காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியாக வருகிறது. தலைமைக் குழாய்களும் நீரேற்று நிலையங்களும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. ஊர்க்குள் பகிர்வது நகராட்சியின் பொறுப்பு. வாரியம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மாநில நிறுவனம். உள்ளாட்சி அமைப்பு அன்று. நீர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு 'மேலிருந்து வரவில்லை' என்ற பதில் கிடைக்கும்போது, உள்ளாட்சி நடுவரின் எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது. குடிமகனுக்கோ குழாய் ஒன்றுதான்.

நீதிமன்றம் எப்போதும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கில் (1980), திறந்த சாக்கடையால் அவதியுற்ற புதுச்சாலைக் குடியிருப்போர் நிர்வாக நடுவரிடம் பெற்ற ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நிதியில்லை என்ற காரணம் கூறி நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அவ்வழக்கின் கருவியான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வக்கீலும் ஆண்டுகளும் இன்றி இப்பிரிவைப் பயன்படுத்தலாம் என்பது ஊரளவில் பலருக்கும் தெரியாது. அதை விசாரிப்பவர் வருவாய்த்துறையின் கோட்டாட்சியர் என்பதால், ஆட்சியர் கச்சேரியின் நிழலிலிருந்து இதுவும் முற்றிலும் விலகியதாகாது. எனினும் குறை கூறப்பட்ட நகராட்சிக்கு வெளியே நின்று, சம்மன் அனுப்பி, சாட்சியம் பெற்று ஆணையிடும் அதிகாரம் அவருக்கு உண்டு, அதுவும் மாவட்டத்துக்குள்ளேயே.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்து, 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. பகுதி சபையில் குறையைச் சொல்லலாம். பதிலை மறுஆய்வு செய்யும் இடம் அதுவன்று. ஊரகத்தில் நிலை மீண்டும் பின்னோக்கிச் சென்றது. 2025 ஜனவரி 5 அன்று 27 மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் ஆட்சி திரும்பிற்று. வெள்ளகோவில் நகராட்சிக்குள் வாழ்பவருக்கு அதன்பின்னும் நகர்மன்ற உறுப்பினர் இருந்தார். எல்லைக்கல்லைத் தாண்டி ஒன்றியத்து ஊராட்சியில் வாழ்பவருக்கு, அவர் மனுவில் குறை கூறும் வட்டார வளர்ச்சி அலுவலகமே மன்றமும் ஆயிற்று.